சொந்த விருப்பத்தின் பேரில்

எங்கள் இயக்குநருக்கு அலுவலகத்தில் 'சராசரி' என்று பெயர். அது அவருக்கு மட்டும்தான் தெரியாது. வாயைத் திறந்தால் "சராசரியா பாத்தா" என்றுதான் ஆரம்பிப்பார். அன்று காலையும் என் மேசை முன்னால் நின்று, எங்கள் அறிக்கையை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே அப்படித்தான் ஆரம்பித்தார்.

"சராசரியா பாத்தா, முன்ன நூறு பேர் செத்த இடத்துல இப்ப எண்பத்திரண்டு பேர்தான். பதினெட்டு உயிர்! இதுக்கு மேல என்னம்மா வேணும்? முதல் பக்கத்துல 'ஓரளவு'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்க பாரு, அத எடுத்துடு. மதியம் அமைச்சகத்துக்குப் போகணும்."

நாங்கள் மருந்து கொடுப்பவர்கள் இல்லை. அரசு ஒரு திட்டம் போட்டால், அதனால் நோயாளிக்கு நல்லது நடந்ததா, இல்லையா என்று எண்களை வைத்துச் சொல்பவர்கள். இந்தத் திட்டத்தின் பெயர் தரப்புள்ளித் திட்டம். மருத்துவமனைக்குள் சாவு குறைந்தால் புள்ளி கூடும். புள்ளி கூடினால் அடுத்த வருடம் கூடுதல் நிதி, கூடுதல் ஆட்கள். குறைந்தால் தலைமை மருத்துவர் விளக்கம் எழுத வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று வருடம் முன்பு எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதன் விதிகளை எழுதிய குழுவில் நானும் ஒருத்தி.

'ஓரளவு' என்பதை எடுக்கலாமா வேண்டாமா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள்.

"ஒரு கையெழுத்து கேட்டாங்க. போட்டுட்டேன். சரிதானே?"

"என்ன கையெழுத்து?"

"தெரியலடி. அவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்காம். பன்னெண்டு மணிக்கு மெஷினைக் கழட்டிடுவாங்களாம். வண்டி கீழ நிக்குதாம். ஏண்டி, வீட்டுல அவருக்கு மருந்து யார் ஏத்துவா?"

அக்காவின் கணவர், என் அத்தான், நாலாவது மாடி வார்டில் பதினோரு நாளாகப் படுத்திருந்தார். கணையத்தில் வந்த கட்டி. வெட்டவும் முடியாது, கரைக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். எங்களுக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வலி இல்லாமல் போக வேண்டும். அந்த வலி மருந்து ஒரு சின்ன மெஷின் வழியாகச் சொட்டுச் சொட்டாக அவர் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. மெஷினை வீட்டுக்குத் தரமாட்டார்கள். மெஷின் இல்லாத அரைமணி நேரத்தை ஒரு தடவை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

மணி பத்தே முக்கால். பையை எடுத்தேன்.

"அறிக்கை?" என்றார் சராசரி.

"போகாது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் மேல் இருந்த எரிச்சல் என்றுதான் நினைத்தேன்.

வார்டுக்கு நான் மூச்சு வாங்க ஏறி வந்தபோது, அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் துணிமணியெல்லாம் இரண்டு பைகளில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அக்கா ஸ்டீல் ஸ்டூலில் உட்கார்ந்து, ஊருக்குப் போகிறவள் மாதிரி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்திருந்தாள். அத்தான் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"வா புள்ளி."

புள்ளிவிவரத்தில் வேலை கிடைத்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் அது. பதவி உயர்வு வந்தபோது 'பெரும்புள்ளி' ஆனேன். அத்தான் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடம் பிழை திருத்தியவர். ஒற்று, கொம்பு, காற்புள்ளி எதையும் சும்மா விடமாட்டார். என் கல்யாணப் பத்திரிகையிலேயே மூன்று பிழை கண்டுபிடித்து, மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருத்தி அனுப்பியவர்.

தலைமை நர்ஸ் மருந்து அலமாரிப் பக்கம் நின்றிருந்தாள். நேராகப் போனேன்.

"யார் சிஸ்டர் இவரை டிஸ்சார்ஜ் பண்ணச் சொன்னது?"

"நாங்க பண்ணல மேடம். அவங்களாவே போறாங்க." படிவத்தை நீட்டினாள்.

'நோயாளி/உறவினரின் சொந்த விருப்பத்தின் பேரில் மருத்துவமனையை விட்டுச் செல்கிறோம். பின்விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பு.' அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உருண்டை உருண்டையாக.

"எங்க விருப்பம்னு யார் சொன்னா? எங்களுக்கு அப்படி ஒரு விருப்பமே கிடையாது."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குச் சொன்னா புரியும் மேடம். மாசம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கு. எங்க வார்டுக்கு இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

"என்ன ஒண்ணு?"

"மரணம். அதுக்கு மேல போனா புள்ளி குறைஞ்சிடும். ஆறாம் கட்டில் பெரியவர் வேற இழுத்துட்டு இருக்காரு. அவருக்கு வீட்டாளுங்க யாருமில்ல, கையெழுத்துப் போட ஆள் கிடையாது. உங்க வீட்டுல இருக்காங்க."

எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. "வீட்டுக்குப் போனா மட்டும் செத்துப் போகமாட்டாரா?"

"போவாரு. ஆனா எங்க கணக்குல வராது. சொந்த விருப்பத்துல போனவங்களச் சேக்க வேண்டாம்னு ரூல்லயே இருக்கு. பாருங்க, குறிப்பு ஏழு." பலகையில் குத்தியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

எனக்குக் குறிப்பு ஏழைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதைத் தட்டச்சு செய்தது என் விரல்கள்தான்.

அந்தக் கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொருகிக்கொண்டிருந்தது. ஒரு மருத்துவமனைப் பிரதிநிதி எழுந்து, "நாங்க வேண்டாம்னு சொல்லியும் கூட்டிட்டுப் போயிடறாங்க, அந்தப் பழி எங்களுக்கா?" என்றார். நான்தான் சொன்னேன்: "நியாயம்தானே. சொந்த விருப்பத்துல போறவங்களுக்கு ஆஸ்பத்திரி எப்படி பொறுப்பாகும்? கணக்குலேர்ந்து எடுத்துடலாம்." எல்லோரும் தலையாட்டினார்கள். மொத்தம் இரண்டு நிமிடம். அந்த 'விருப்பம்' யாருடையது என்று ஒருத்தர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அரசாங்கச் செலவில் செய்திருந்தேன்.

"சரி, கிழிச்சுப் போடுங்க. நாங்க போகல" என்றேன்.

நர்ஸ் பதிவுப் பிரிவுக்குப் போன் செய்தாள். எழுத்தர் மேலே வந்தார். பேனாவைக் காதில் செருகிய, பொறுமைசாலியான மனிதர். அந்தப் பொறுமையே எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்களே."

"மாத்துங்க."

"மாத்த முடியாதுங்க. ஏத்தின உடனே பூட்டிக்கும். முன்னயெல்லாம் திருத்தலாம். மூணு வருஷமா முடியாது. ஆஸ்பத்திரிக்காரங்க பின்னால திருத்தி ஏமாத்தறாங்கன்னு யாரோ ஒரு புண்ணியவாட்டி எழுதிக் கொடுத்துட்டாங்களாம்."

அந்தப் புண்ணியவாட்டியும் நான்தான். மணி பதினொன்றே கால்.

அத்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அந்தப் பேப்பரை இங்க குடு" என்றார். எழுத்தரின் காதைக் காட்டி, "அந்தப் பேனாவும்." சிவப்புப் பேனா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, அச்சகத்தில் படிப்பது போல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"'விருப்பத்தின் பேரில்'னு போட்டிருக்கான். யார் பேர்ல? என் பேர்லயா, உங்க அக்கா பேர்லயா? சாய்வுக்கோடு போட்டு ரெண்டு பேரையும் ஒண்ணா கட்டிட்டான். சோம்பேறிப் பய." '/உறவினரின்' என்பதை அடித்து 'யின்' சேர்த்தார். 'யை விட்டுச் செல்கிறோம்' என்பதை அடித்து, ஓரத்தில் நீக்கல் குறியாக ஒரு சுழி போட்டு, 'யில் இருக்கிறேன்' என்று எழுதினார். இரண்டாவது வாக்கியத்தை முழுசாக அடித்தார். கோடு ஆற்று வெள்ளம் மாதிரி வளைந்து போயிற்று. படித்துக் காட்டினார்: "'நோயாளியின் சொந்த விருப்பத்தின் பேரில் மருத்துவமனையில் இருக்கிறேன்.' இப்ப வாக்கியம் நிக்குது."

"கையால திருத்தினா செல்லாதுங்க" என்றார் எழுத்தர், பாவம், உண்மையான வருத்தத்தோடு. நான் அந்தத் தாளைப் பிடுங்கி மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

எழுத்தர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "ஒரே வழிதாங்க இருக்கு. வெளிய போயிட்டுப் புதுசா வரணும். அவசரப் பிரிவு வாசல் வழியா. அங்க வந்துட்டா திருப்பி அனுப்ப முடியாது. புது நம்பர் போட்டு, கட்டில் காலியா இருக்கற வார்டுக்கு ஏத்திடுவாங்க. இப்போதைக்குக் காலியா இருக்கறது..." அத்தானின் கட்டிலைப் பார்த்தார். "இது ஒண்ணுதான்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதை நான் சொல்லளவில்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று செய்தேன்.

மெஷினின் பாட்டரி நாற்பது நிமிடம் தாங்கும். தலைமை நர்ஸ் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அத்தானைப் பார்த்தாள். "இதை நான் இன்னும் கழட்டல. பன்னெண்டு மணிக்குத்தானே சொன்னாங்க" என்றபடி தள்ளுவண்டியின் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள். "நானே தள்றேன். லிஃப்ட்காரன் எனக்குத்தான் நிறுத்துவான்." அவளை அதுவரை மனதுக்குள் என்னவெல்லாமோ திட்டியிருந்தேன். அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நாலு மாடி இறங்கினோம். உணவகத்தைத் தாண்டி, மருந்துக் கடை வரிசையை வெட்டிக்கொண்டு, பெரிய வாசலுக்கு வெளியே வெயிலுக்கு வந்தோம். அத்தான் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார். பதினோரு நாளைக்குப் பிறகு பார்க்கிறார். அக்கா தன் முந்தானையை அவர் முகத்துக்கு மேல் பிடித்தாள். அவர் அதை விலக்கச் சொன்னார்.

அவசரப் பிரிவு வாசலில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். "உள்ள வர்றீங்களா, வெளிய போறீங்களா?"

"ரெண்டும்" என்றார் அத்தான்.

உள்ளே சீட்டு எழுதும் பெண் தலையை நிமிர்த்தவில்லை. "என்ன பிரச்சினை?"

"கணையத்துல கட்டி. கடைசிக் கட்டம்."

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"நாலாவது மாடியிலேர்ந்து" என்றாள் அக்கா. அவளுக்குப் பொய் வராது.

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்தாள். நர்ஸைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் தடவை இல்லை போலிருக்கிறது. சீட்டை எழுத ஆரம்பித்தாள். எங்களுக்கு முன்னால் பதினாலு பேர். முப்பத்திரண்டாவது நிமிடத்தில் மெஷினில் சிவப்பு விளக்கு வந்து, கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. அத்தானின் தாடை இறுகியது. நான் ஒவ்வொரு சுவராகப் பிளக்குத் தேடி ஓடினேன். தண்ணீர் மெஷினுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. தண்ணீர் மெஷினைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இதைச் செருகினேன். தண்ணீர் பிடிக்க வந்தவர் என்னைத் திட்டினார். நானும் பதிலுக்குத் திட்டினேன். அன்று யாரையாவது வாய்விட்டுத் திட்ட வேண்டியிருந்தது.

ஒன்றரை மணிக்கு அதே வார்டு, அதே கட்டில். விரிப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். "இதுக்குத்தான் இவ்வளவு சுத்தினமா? நேரா கேட்டிருந்தா விரிப்பை அவங்களே மாத்தியிருப்பாங்களே, புள்ளி" என்றார் அத்தான். அக்கா சிரித்தாள். பிறகு அழுதாள்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு அத்தான் போனார். முகத்தில் வலி இல்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் அழும்போது ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்: "நான் கையெழுத்துப் போட்டேனே. அவரைப் போகச் சொல்லி நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை.

அறிக்கையை மாதக் கடைசித் தரவு வரும்வரை நிறுத்திவைக்கச் சொல்லி சராசரியிடம் சண்டை போட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்துத் தரவு வந்தது. தரவைச் சுத்தம் செய்ய நான் எழுதி வைத்திருந்த வழக்கமான கம்ப்யூட்டர் கட்டளைகளை ஓட்டிவிட்டு, அந்த மருத்துவமனையின் மரணப் பட்டியலைத் திறந்தேன். பெயர் இருக்காது. வயது, நோய், வார்டு, தேதி போதும், என்னால் கண்டுபிடிக்க முடியும். அவரை அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அவர் இல்லை.

இரண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில் 'சொந்த விருப்பம்' பட்டியலில் இருந்தார். நாங்கள் அவரைக் கீழே இறக்கிய அந்தப் பகலோடு அவர் கதை முடிந்திருந்தது. அவசரப் பிரிவு வழியாக வந்த இரண்டாவது பதிவைக் காணோம். ஏன் என்று என் பழைய கட்டளைகளைப் புரட்டினால் அங்கே என் கையெழுத்தோடு ஒரு விதி: 'ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு முறை பதிவானால், அது எழுத்தர் பிழை, முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை நீக்குக.' வெயிலில் தள்ளிக்கொண்டு போனது, பிளக்கு தேடி ஓடியது, நாலு நாள் அவர் அந்தக் கட்டிலில் மூச்சுவிட்டது எல்லாம் ஒரு எழுத்தர் பிழை. பிழை திருத்தியே வாழ்ந்த மனிதரை நான் பிழை என்று நீக்கியிருந்தேன். மேசையை ஓங்கிக் குத்தினேன். கைதான் வலித்தது.

அந்த விதியை எடுத்தேன். அதோடு நிற்கவில்லை. சொந்த விருப்பத்தில் போனவர்கள் எல்லோரையும் எடுத்து, வீட்டில் நடந்த சாவும் பதிவாகும் இறப்புப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்த்தேன். திட்டத்துக்கு முன்னால் ஆயிரம் நோயாளிகளில் நாலு பேர் அப்படிப் போனார்கள். இப்போது பதினாலு பேர். அந்தப் பதினாலில் பத்துப் பேர் ஒரு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். அவர்களையும் சேர்த்தால் சராசரியின் பதினெட்டு உயிர் ஒன்றுக்கும் கீழே வந்து நின்றது.

தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "சாவு குறையல சார். இடம் மாறியிருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து வண்டிக்கும் வீட்டுக்கும் போயிருக்கு. வலியோட."

அவர் தாளை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். முட்டாள் இல்லை, புரிந்துவிட்டது. "இது நீ எழுதின ரூல்தானேம்மா?"

"ஆமா சார். அதையும் எழுதியிருக்கேன். ரெண்டாம் பக்கம்."

"சராசரியா பாத்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "இதுல என் பேர் வேண்டாம்" என்றார்.

அறிக்கை என் பெயரில் மட்டும் போனது. குறிப்பு ஏழைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் ஒரு சுழி போட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து, இதை ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்று பதில் வந்தது. குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

பதில் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கொடுக்கவா வேண்டாமா என்று இத்தனை நாள் பைக்குள்ளேயே வைத்திருந்த அந்தப் படிவத்தைக் கொடுத்தேன். அக்கா அத்தானின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடித்ததையும் எழுதியதையும் விரலால் தடவித் தடவிப் படித்தாள். 'இருக்கிறேன்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"பாத்தியாக்கா. அது உன் விருப்பம் இல்லன்னு அவருக்கே தெரியும். உன் பேரை அவரே அடிச்சுட்டார்."

அவள் தலையாட்டினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். பிறகு நான் கொண்டுவந்திருந்த அறிக்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அது புரியாது என்று நினைத்தேன்.

"இதுல எத்தனை பேர்டி, இவர மாதிரி?"

"மூணு வருஷத்துல... ஆறாயிரத்துக்கு மேலக்கா."

"அத்தனை பேருக்கும் வீட்டுல யாரோ ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருப்பாங்கல்ல?"

"ஆமா."

"நாமதானே கூட்டிட்டு வந்தோம்னு இன்னும் அழுதுட்டு இருப்பாங்கல்ல?" படிவத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவங்ககிட்ட யார் போய்ச் சொல்வா?"

அறிக்கையில் நாற்பத்தொரு அட்டவணை இருக்கிறது. அதற்கு ஒரு கட்டம்கூட நான் போட்டிருக்கவில்லை.